அசாயே 1803: மேசையில் ஓராக்கின் உத்தரவு – ஒரு நிகழ்வு ஆய்வு

1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் இருக்கும் அசாயே என்ற ஊருக்குப் பக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் படை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லி சுமார் 4,500 பேரை வைத்துக்கொண்டு தௌலத் ராவ் சிந்தியா, ரகோஜி போன்ஸ்லே என்ற இரண்டு மராத்தா அரசர்களின் கூட்டுப்படையைத் தாக்கினார். எதிரே ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற காலாட்படை மட்டுமே ஏறக்குறைய 10,800 பேர். நூறு பீரங்கிக்குக் குறையாது. குதிரைப்படை பல்லாயிரக்கணக்கில். மாலைக்குள் கம்பெனிப் படை வென்றது, 98 பீரங்கிகளைப் பிடித்தது. ஆனால் 428 பேர் இறந்தார்கள், 1,138 பேர் காயமடைந்தார்கள், 18 பேரைக் காணவில்லை. சண்டையிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வயதான காலத்தில், போரில் தாங்கள் செய்ததிலேயே சிறந்தது எது என்று கேட்டபோது, வாட்டர்லூவை வென்ற அதே வெல்லெஸ்லி ‘அசாயே’ என்றுதான் பதில் சொன்னார்.

இந்தப் போரை நானும் என் நண்பனும் 15 மி.மீ. உலோகப் பொம்மைகளை வைத்து மேசைமேல் ஆடினோம். யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, ஆடுவதற்கு முன்பே எங்களைப் பிடித்துக்கொண்ட ஒரு கேள்வி முக்கியம். அன்று வெல்லெஸ்லியின் வலது அணி அழிந்ததற்குக் காரணம், சரியாகக் கொடுக்கப்பட்ட ஓர் உத்தரவு, கேட்டவர் கையில் வேறொன்றாக மாறியது. மேசைக்கு முன்னால் நிற்கும் நமக்கோ இரண்டு ஆறுகளும், ஊரும், ஒவ்வொரு பீரங்கியும் ஒரே பார்வையில் தெரிகின்றன. இப்படி எல்லாம் தெரிந்த ஆட்டத்தில் அந்த மாதிரி ஒரு பிசகு எப்படி நடக்கும்? பகடையில் கெட்ட எண் விழுந்தது என்று சொல்லிவிட்டுப் போகாமல், அது ஏன் நடந்ததோ அதே காரணத்தால் மேசையிலும் நடக்க வேண்டும். ஆய்வு என்று நான் சொல்வது இதைத்தான்.

களத்தில் நடந்தது

கேல்னா, ஜுவா என்ற இரண்டு ஆறுகள் கிழக்கே ஒன்றுசேர்கின்றன. அவற்றுக்கு நடுவே நாக்குப் போல நீளும் நிலம். மராத்தா காலாட்படை கேல்னாவுக்கு வடக்கே தெற்கு பார்த்து நின்றது. வெல்லெஸ்லி தெற்கிலிருந்து வந்தார். அன்று காலையிலேயே நெடுந்தூரம் நடந்து வந்த படை அது. கர்னல் ஸ்டீவன்சனின் படை வந்து சேர்ந்த பிறகு, மறுநாள் தாக்குவதுதான் திட்டம். எதிரி இவ்வளவு பக்கத்தில் இருப்பது தெரிந்ததும் காத்திருக்க அவருக்கு மனமில்லை.

ஆற்றைக் கடக்கத் துறையே இல்லை என்று வழிகாட்டிகள் சொன்னார்கள். ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு ஊர்கள் இருப்பதை வெல்லெஸ்லி பார்த்தார்: பீப்பல்காவ், வரூர். எதிரெதிரே ஊர் இருந்தால் நடுவில் கடக்க வழி இல்லாமல் இருக்குமா? துறை இருந்தது. அதன் வழியாகப் படையைக் கிழக்கே கொண்டுபோய், மராத்தா அணியின் பக்கவாட்டில் அடிக்கலாம் என்று கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கு மராத்தா காலாட்படையின் தளபதி அந்தோனி போல்மன் முன்னால் பலிக்கவில்லை. ஹானோவரைச் சேர்ந்த இவர், ஒரு காலத்தில் கம்பெனிப் படையிலேயே சார்ஜெண்டாக இருந்தவர். பத்தாயிரம் பேர் கொண்ட அணியை அப்படியே 90 பாகை திருப்பி, இரண்டு ஆறுகளுக்கும் நடுவே கிழக்கு பார்த்து நிறுத்தினார். வலது முனை கேல்னாவில், இடது முனை அசாயே ஊரில், ஏறத்தாழ ஒரு மைல் நீளம். இது சாதாரணக் காரியமில்லை. பயிற்சி குறைந்த படை இதற்கு முயன்றிருந்தால் அங்கேயே கலைந்து போயிருக்கும்.

எதிர் அணி இவ்வளவு நீளமாக வந்து நின்றதால், வெல்லெஸ்லி தன் அணியையும் நீட்ட வேண்டியதாயிற்று. வலது முனையில் காவல் கம்பெனிகளோடு (காவல் பணிக்கான சிறு காலாட்படைப் பிரிவுகள்) இருந்த லெப்டினன்ட் கர்னல் வில்லியம் ஓராக்குக்கு உத்தரவு போனது: வலப்பக்கம் சாய்வாக விலகிப் போ, பின்னால் வருகிற அணிக்கு இடம் விடு. ஓராக் விலகினார். விலகிக்கொண்டே போனார். அசாயே ஊரின் பீரங்கிகளுக்கு நேர் முன்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் வந்த 74ஆவது ஹைலேண்டர் (ஸ்காட்லாந்து) படையும் அதே வழியில் போனது. ஏறக்குறைய 500 பேர் இருந்த அந்தப் படையில் 400 பேர் அளவுக்கு விழுந்தார்கள். மிஞ்சியவர்கள் பிணங்களையே அரணாக அடுக்கிக்கொண்டு நின்றார்கள். வெல்லெஸ்லியிடம் இருந்த மாக்ஸ்வெல்லின் குதிரைப்படை பாய்ந்து வந்துதான் அவர்களைக் காப்பாற்றியது.

தெற்கே, இடது முனையில், 78ஆவது ஹைலேண்டர் படை ஐம்பது கெஜம் வரை நெருங்கி ஒரே வீச்சாகச் சுட்டுவிட்டு, பயனெட்டோடு (துப்பாக்கி முனைக் கத்தி) பீரங்கிகள்மேல் பாய்ந்தது. பக்கத்திலேயே மெட்ராஸ் சிப்பாய்ப் பட்டாளங்களும் பாய்ந்தன. பீரங்கி வரிசையைத் தாண்டிப் போன பிறகு, செத்தவர்கள் போலக் கிடந்த மராத்தா பீரங்கி வீரர்கள் சிலர் எழுந்து, பீரங்கிகளைத் திருப்பி, முன்னே போனவர்களின் முதுகில் சுட்டார்கள். 78ஆவது படை திரும்பி வந்து ஒரு பக்கமும், வெல்லெஸ்லியே நடத்திவந்த 7ஆவது மெட்ராஸ் குதிரைப்படை மறுபக்கமுமாக அந்தப் பீரங்கிகளை இரண்டாவது முறை பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பீரங்கி வீரர்களின் துணிச்சலை எப்போது நினைத்தாலும் எனக்கு மரியாதைதான் வருகிறது.

மேசை

ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகை. ஒரு மைல் அகல நிலம் மேசையின் நாலடி அகலத்துக்குள் சரியாக அடங்கியது. ஒரு பொம்மைக்கு 30 வீரர் என்று வைத்தோம். கம்பெனிப் பக்கம் 150 பொம்மை, மராத்தா காலாட்படைக்கு 360. பீரங்கிக்கு எட்டு மாதிரிகள். மராத்தா குதிரைப்படையை அதே கணக்கில் வைத்தால் ஆயிரம் பொம்மை வேண்டும், மேசையே கொள்ளாது. அந்தக் குதிரைப்படை அன்று பெரும்பாலும் சண்டையில் இறங்கவே இல்லை. அதன் வேலை அச்சுறுத்தல் மட்டும்தான். அதனால் ஆறு அணிகளோடு நிறுத்திக்கொண்டோம்.

வண்ணம் பூசும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சிந்தியாவின் பட்டாளங்களை பெனுவா டி பாய்ன் என்ற சவோய் நாட்டுக்காரர் உருவாக்கியிருந்தார். அவர்களுக்கும் சிவப்புச் சட்டை, நீலத் தலைப்பாகை. மெட்ராஸ் சிப்பாய்களுக்கும் சிவப்புச் சட்டை. கொடியை எடுத்துவிட்டால் கையளவு தூரத்திலேயே இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று சொல்வது கஷ்டம். மெட்ராஸ் சிப்பாயின் அரைக்கால் சட்டையின் ஓரத்தில் ஓடும் நீல நிற ரம்பப்பல் கரையை மெல்லிய பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டிருந்த நண்பன், தலையைத் தூக்காமலே சொன்னான்: “ரெண்டு பக்கமும் நம்மாளுங்கதான்டா.”

அது உண்மை. வெல்லெஸ்லியின் காலாட்படையில் இரண்டே படைகள்தான் ஸ்காட்லாந்துக்காரர்கள். மற்றவை 4, 8, 10, 12 என்று எண்ணிட்ட மெட்ராஸ் காலாட்படைப் பட்டாளங்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் அவற்றில் நிறைய. வெலிங்டனில் தலைமையிடம் கொண்ட மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் இன்றும் இருக்கிற யானை அசாயேயில் கிடைத்த யானை. இந்தப் போரை ஆங்கிலேயன் வீரம் என்று மட்டும் எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்தப் பட்டாளங்கள் எவனுக்காகச் சண்டையிட்டன என்ற கேள்வியும் கூடவே உறுத்தும். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பொம்மைகளை நகர்த்த முடிகிறது.

ஓராக் விதி

இந்தக் காலப் போர்களை ஆடுகிற பலரும் பயன்படுத்துகிற ஒரு முறை உண்டு. ஒவ்வொரு தளபதிக்கும் ஓர் எண். படையணிக்கு உத்தரவைச் சொல்லிவிட்டு இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அந்த எண்ணுக்குள் வந்தால் உத்தரவு நடக்கும். எண் 8 என்றால் 36இல் 26 வாய்ப்பு. 9 என்றால் 30. இரண்டு பகடையும் ஆறு விழுந்தால் குளறுபடி, அந்தப் படை தாறுமாறாக எங்கோ போகும்.

ஓராக்கின் கதையை அந்த இரட்டை ஆறிடம் விட்டுவிடலாம் என்பதுதான் முதலில் வந்த யோசனை. நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. இரட்டை ஆறு 36இல் ஒரு தடவைதான் விழும். அதைவிட, ஓராக் ஒன்றும் பித்துப்பிடித்துப் போகவில்லை என்பது அவன் வாதம். சொன்னதைத்தான் அவர் செய்தார். இடம் விடு என்றால் எவ்வளவு இடம்? எதிரே புகை. பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால் தெரியுமா? உத்தரவு போட்டவர் அரை மைல் தள்ளி, இடது முனையில். கேட்டுத் தெளிய வழியில்லை. இந்தப் பிசகின் வேர் அந்த வார்த்தைகளிலேயே இருந்தது.

அதனால் ஒரு விதி செய்தோம். தளபதிப் பொம்மையிலிருந்து 12 அங்குலத்துக்கு அப்பால் இருக்கும் அணிக்கு வாயால் உத்தரவு கிடையாது. பத்துச் சொல்லுக்கு மிகாமல் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். அங்குலக் கணக்கு எழுதக்கூடாது. மேசைமேல் இருக்கும் ஒன்றை விரலால் காட்டக்கூடாது. எழுதிய சீட்டை எதிராளியிடம் கொடுத்துவிட்டுப் பகடை உருட்ட வேண்டும். எண்ணுக்குள் வந்தால் நான் நினைத்தபடி நகர்த்தலாம். வராவிட்டால் அந்தச் சீட்டை எதிராளி வாசித்து, அதிலுள்ள வார்த்தைகளுக்கு முரணில்லாத எந்த வகையிலும் அந்த அணியை நகர்த்தலாம்.

மராத்தா பக்கத்துக்கு வேறு சிக்கல். காலாட்படை போல்மன் கையில், குதிரைப்படை அரசர்கள் கையில். இரண்டையும் சேர்த்து ஆட்டுவிக்கும் கை எதுவும் அங்கே இல்லை. அதனால் போல்மனுக்கு எண் 8, குதிரைப்படைக்கு 5. அதாவது 36இல் 10 வாய்ப்புதான். உத்தரவு நடக்காவிட்டால் குதிரைகள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆட்டம்

நான் கம்பெனி, அவன் மராத்தா. ஆற்றைக் கடந்த பிறகு ஆட்டத்தைத் தொடங்கினோம். துறையைக் கண்டுபிடிப்பதை மேசையில் திரும்ப ஆட முடியாது. இருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். போல்மன் அணியைத் திருப்பியது அவன் பகடையில் முதல் வீச்சிலேயே நடந்தது. பிறகு இரண்டு பக்கமும் பீரங்கிச் சண்டை, அதில் என் பக்கமே அதிகம் இழந்தது, அதுவும் அன்று நடந்தபடியேதான்.

வெல்லெஸ்லி பொம்மையை நான் இடது முனையில், 78ஆவது படைக்குப் பின்னால் வைத்திருந்தேன். வலது முனைக் காவல் கம்பெனிகள் எட்டாத தூரம். சீட்டில் எழுதினேன்: “வலப்பக்கம் ஒதுங்கி, பின்னால் வரும் அணிக்கு இடம் விட்டு முன்னேறு.” பகடையில் ஐந்தும் நாலும். ஒன்பது. வெல்லெஸ்லியின் எண்ணைத் தாண்டிவிட்டது.

அவன் சீட்டை இரண்டு தடவை படித்தான். டேப்பை எடுத்து நீட்டினான். அவன் நினைத்திருந்தால் அந்த அணியை நேரே ஜுவா ஆற்றுக்குள் இறக்கியிருக்கலாம், ‘வலப்பக்கம்’ என்ற சொல் அதற்கும் இடம் கொடுக்கும். அப்படிச் செய்யவில்லை. சாய்வாக வலப்பக்கம் நகர்த்தி, பின்னால் இருந்த 74ஆவது படையின் அகலத்தை அளந்து பார்த்தான். அது வந்து நிற்கத் தேவையான இடத்தை விட்டான். அதற்குப் பின்னால் வரக்கூடிய இன்னொரு பட்டாளத்துக்கும் இடம் விட்டான். “பின்னால வர்ற அணின்னுதான எழுதியிருக்க? பின்னால ரெண்டு பேர் இல்ல வர்றாங்க” என்றான். காவல் கம்பெனிகள் அசாயே பீரங்கிகளிலிருந்து எட்டு அங்குலத்தில் நின்றன. கொத்தாகச் சிதறும் கிரேப் குண்டு எட்டும் தூரம்.

அந்த நிமிடத்தில்தான் ஓராக்கை எனக்குப் புரிந்தது என்று சொல்ல வேண்டும். நண்பன் செய்ததில் ஒரு வார்த்தை மீறல் இல்லை. நியாயமான மனிதன் ஒருவன், தான் கேட்ட வார்த்தைகளை ஒழுங்காக நிறைவேற்றினால் போய்ச் சேரும் இடம் அதுதான். வரலாற்றுப் புத்தகங்களில் ஓராக் என்றாலே மடத்தனம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் இனி உடன்பாடு இல்லை.

அடுத்தது, இரண்டாவது வரிசை முன்வரிசையைத் தொடரும் என்ற விதி. 74ஆவது படையை நிறுத்த வேண்டுமானால் வெல்லெஸ்லி பொம்மை வலது முனைக்கு ஓட வேண்டும். ஓடினால் இடது முனையில் 78ஆவது படையின் பாய்ச்சலுக்குப் பகடையில் அவர் தரும் கூடுதல் ஒன்று போய்விடும். ஒரே தளபதி, இரண்டு முனை. நான் இடது முனையிலேயே நின்றேன், அன்று அவர் நின்றது போல. 78ஆவது படை பீரங்கிகளைத் தொட்டது. இரண்டு மெட்ராஸ் பட்டாளங்களும் தொட்டன. எட்டில் ஐந்து பீரங்கிகள் என் கையில். அதே சுற்றில் 74ஆவது படை அசாயே முன்னால் கரைந்தது.

நண்பன் அதுவரை ஒவ்வொரு சுற்றிலும் குதிரைப்படைக்குப் பகடை உருட்டி ஏமாந்துகொண்டிருந்தான். “இத்தனை குதிரையை வச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கவாடா வந்தேன்?” என்று புலம்பியது போலித்தனமில்லாத புலம்பல். அந்த மைதானத்தில் போல்மனும் அதைத்தான் நினைத்திருப்பார். இந்தத் தடவை நாலு விழுந்தது. குதிரைகள் 74ஆவது படையின் மிச்சத்தின்மேல் வந்தன. நான் மாக்ஸ்வெல்லின் பிரிகேடை ஏவினேன். 19ஆவது லைட் டிராகூன் குதிரை வீரர்களும் மூன்று மெட்ராஸ் குதிரைப் படைகளும் சேர்ந்து அவர்களை விரட்டின. ஜெயித்த குதிரைப்படை துரத்தியே ஆக வேண்டும் என்பது விதி. துரத்திக்கொண்டு ஜுவா வரை போயின, இன்னும் இரண்டு மூன்று சுற்றுக்குத் திரும்ப முடியாத தூரம்.

பிறகு பீரங்கி வீரர்கள் எழுந்தார்கள். பிடிபட்ட பீரங்கியை ஒட்டி என் காலாட்படை இல்லையென்றால், சுற்று முடிவில் அவன் ஒரு பகடை உருட்டுவான். நாலோ அதற்கு மேலோ விழுந்தால் அந்தப் பீரங்கி மறுபடி அவனுடையது. ஐந்தில் மூன்று எழுந்தன. 10ஆவது பட்டாளத்தின் முதல் பிரிவு, முன்னே மராத்தா துப்பாக்கி, பின்னே பீரங்கி என்று நடுவில் மாட்டிச் சிதறியது. 74ஆவது படை விட்டுப்போன இடைவெளியை அடைக்கப் போன 12ஆவது பட்டாளமும் கலைந்தது. ஏழு காலாட்படை அணிகளில் நாலு (காவல் கம்பெனிகள், 74, 10, 12) போய்விட்டால் பாதிக்கு மேல் இழப்பு, படை பின்வாங்க வேண்டும். அசாயேயும் ஆறு பீரங்கிகளும் அவன் வசம். மராத்தாவுக்கு வெற்றி.

கிடைத்தது என்ன

ஒரு ஆட்டம் எந்த வரலாற்றையும் நிரூபிக்காது. ஆனால் காரணங்களுக்கு இடையே எது எதைத் தாங்கி நிற்கிறது என்பதைத் தொட்டுக் காட்டும். இங்கே அது காட்டியது மூன்று மெட்ராஸ் குதிரைப்படைகளில் ஒன்றின் விவகாரம். வெல்லெஸ்லி 7ஆவது மெட்ராஸ் குதிரைப்படையைக் கையிருப்பாகத் தன்னிடம் வைத்திருந்தார். எங்கள் விதியில் குதிரைப்படை முழுக்க ஒரே பிரிகேட், போனால் எல்லாம் போகும். எழுந்த பீரங்கிகளை மறுபடி பிடிக்க என்னிடம் ஆள் இல்லாமல் போனது அதனால்தான். அசாயே என்றால் பயனெட் பாய்ச்சலைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த ஒற்றைக் குதிரைப்படை இல்லையென்றால் அந்தப் பாய்ச்சல் வீணாகியிருக்கும் என்பது என் முடிவு.

கம்பெனியின் பயிற்சி உயர்ந்தது, அதனால் வென்றது என்ற வழக்கமான விளக்கத்தையும் இந்த மேசை ஆதரிக்கவில்லை. இரண்டு பக்கக் காலாட்படைக்கும் நாங்கள் ஒரே எண்களைத்தான் கொடுத்திருந்தோம். 90 பாகை திரும்பிய படைக்கு அதற்குக் குறைவாகக் கொடுக்க எந்த நியாயமும் இல்லை. வித்தியாசம் எல்லாம் உத்தரவு எண்ணில் இருந்தது. குதிரைப்படையின் 5 ஒருமுறை பலித்ததும் முடிவே மாறிவிட்டது.

பாதி அணிகள் உடைந்தால் படை பின்வாங்கும் என்ற விதி சரியா என்று நீண்ட நேரம் பேசினோம். அன்று மூன்றில் ஒரு பங்கை இழந்தும், வலது முனையே அழிந்தும் அந்தப் படை நின்றது. ஏன் நின்றது என்பதைப் பகடையால் சொல்ல முடியாது. அந்த இடத்தில் நாங்கள் விதியை மாற்றவில்லை. மனிதர்கள் நின்றதற்கு ஓர் எண் கொடுப்பதில் இருவருக்கும் விருப்பமில்லை.

ஓராக் விதியைப் பற்றி இன்னொன்று. போட்டி ஆட்டத்தில் இது ஒரு நாளும் ஓடாது. எதிராளி ஜெயிப்பதை மட்டும் பார்ப்பவனாக இருந்தால் என் சீட்டை வைத்து என் படையை ஆற்றில் இறக்கிவிடுவான், அடுத்த சுற்றிலிருந்து நான் வக்கீல் நோட்டீஸ் மாதிரி சீட்டு எழுத ஆரம்பிப்பேன், விதி செத்துவிடும். என் நண்பன் சீட்டைக் கையில் வாங்கியதும் எதிரியாக யோசிக்கவில்லை, ஓராக்காக யோசித்தான். புகைக்குள் நின்று அந்த வார்த்தைகளைப் படித்தான். அப்படி யோசிக்க ஒருவன் கிடைத்தால்தான் இந்த ஆட்டத்தை ஆடவே முடியும்.

அடுத்த ஆட்டத்துக்கு மூன்று மாற்றங்கள் ஒத்துக்கொண்டிருக்கிறோம். 7ஆவது மெட்ராஸ் குதிரைப்படை தனி அணி, அதற்குத் தனிப் பகடை. மராத்தா பக்கத்துக்கும் துண்டுச்சீட்டு உண்டு. போல்மன் பட்டாளங்களுக்கு எழுதும் சீட்டு எதிராளி கையில் போகும். சீட்டு பத்துச் சொல்லிலிருந்து எட்டுச் சொல்லாகக் குறையும். பக்கம் மாறி ஆடுகிறோம், எனக்கு மராத்தா. சிந்தியா பக்கம் இருந்த பேகம் சம்ருவின் பட்டாளங்களுக்கு இன்னும் வண்ணம் பூச வேண்டியிருக்கிறது, அது முடிந்ததும் தேதி வைக்கலாம் என்று நண்பன் சொல்லியிருக்கிறான்.